பரனூரில் மறிக்கப்பட்ட புகார்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் எல்லோருக்கும் பரனூர் சுங்கச்சாவடியைத் தெரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குக் கிளம்பும் வண்டிகள் அங்கேதான் மணிக்கணக்கில் முடங்கும். 2021 பிப்ரவரி கடைசி வாரத்தில் அந்தச் சாவடியில் ஒரு கார் மறிக்கப்பட்டது. காரில் இருந்தவர் எஸ்.பி. அந்தஸ்தில் இருந்த ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. மறித்தவர்கள் போலீசார். அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்றவர் அப்போதைய செங்கல்பட்டு மாவட்ட எஸ்.பி. டி. கண்ணன்.

அந்தப் பெண் அதிகாரி சென்னைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு புகார் கொடுப்பதற்காக. அப்போதைய முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்தபோது, சட்டம் ஒழுங்குப் பிரிவின் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது புகார். குற்றம் சாட்டப்பட்டவர் மாநிலத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் மேலே இருந்தவர். டி.ஜி.பி.யிடமும் உள்துறைச் செயலரிடமும் நேரில் முறையிடப் போனவரை வழியில் நிறுத்தி, ராஜேஷ் தாஸிடம் போனில் பேசும்படி வற்புறுத்தினார்கள் என்று வழக்கை விசாரித்த சி.பி.சி.ஐ.டி. குற்றம் சாட்டியது.

அவர் பணியவில்லை. புகார் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து விசாரணையைக் கண்காணித்தார். ராஜேஷ் தாஸ் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் முதன்மை மாவட்ட நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் இடைக்கால நிவாரணம் பெற்றார். பரனூரில் காரை மறித்த கண்ணனுக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த தண்டனை, 500 ரூபாய் அபராதம்.

இந்த வழக்கை அடுத்தவீட்டுச் செய்தியாக யாரும் படித்திருக்க முடியாது. தோளில் நட்சத்திரம், சைரன் வைத்த வண்டி, சட்டம் முழுக்க அத்துபடி, மேலதிகாரிகளின் போன் நம்பர்கள் எல்லாம் இருந்த ஒருவருக்கே புகாரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவ்வளவு பாடு என்றால், செய்யூர் பக்கத்து விவசாயக் கூலிக்கு, தேவனேரி மீனவருக்கு, மாமல்லபுரத்தில் ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்ணுக்கு என்ன வழி? போலீஸ் மீது நம்பிக்கை வைக்கச் சொல்லி மக்களிடம் எத்தனை விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த நம்பிக்கை வராது. போலீஸ் மீதான புகார், அந்தப் போலீசின் கை படாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் இன்றைக்கு அப்படி ஓர் இடம் இல்லை. சட்டம் போட்டே இல்லாமல் ஆக்கியிருக்கிறோம்.

கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர்

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. வழக்குத் தொடர்ந்த பிரகாஷ் சிங், உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்தவர். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்க வேண்டும், அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டாண்டு பதவிக்காலம் வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, காவல்துறை புகார் ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. காவலில் மரணம், படுகாயம், பாலியல் வன்கொடுமை, மிரட்டிப் பணம் பறித்தல், நிலத்தையோ வீட்டையோ அபகரித்தல் போன்ற புகார்களை இந்த ஆணையங்கள் விசாரிக்க வேண்டும்.

ஏழு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு காவல்துறை சீர்திருத்தச் சட்டம், 2013 வந்தது. அதில் மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர்; உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். நீதிபதிக்கு இடமே இல்லை. இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. வழக்குத் தொடர்ந்தவர்களில் ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஏ.ஜி. மௌரியாவும் ஒருவர்.

இந்த அமைப்பைப் பரனூருக்குப் பொருத்திப் பாருங்கள். 2021-இல் அந்தப் பெண் அதிகாரி செங்கல்பட்டு மாவட்டப் புகார் ஆணையத்தில் எஸ்.பி. மீது முறையிட்டிருந்தால், சட்டப்படி அதை விசாரிக்கும் மூவரில் ஒருவர் அந்த எஸ்.பி. மாநில ஆணையத்துக்குப் போயிருந்தால், அங்கே சட்டம் ஒழுங்குப் பிரிவின் உயரதிகாரிக்கே ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறப்பு டி.ஜி.பி.யும் அதே பிரிவில் இருந்தவர்தான். எந்தக் கிராமப் பஞ்சாயத்திலும் பிராது கொடுக்கப்பட்டவரை நாட்டாமை பக்கத்தில் உட்கார வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம், மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியையும் மாவட்ட ஆணையங்களுக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையும் தலைவராக்கியது. அந்த ஆணையங்களிலும் குறைகள் உண்டு. ஆனால் புகார் கொடுக்க வந்தவர் முறையிடும் தலைவராவது ஒரு நீதிபதி. வடக்கு அயர்லாந்து இன்னும் தூரம் போனது. பல தலைமுறைப் பகையில் ரத்தம் சிந்திய அந்த மண்ணில், 2000-ஆம் ஆண்டு முதல் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனிப் புலனாய்வாளர்களைக் கொண்ட ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இயங்குகிறது. பழைய படை 2001-இல் பெயர் மாற்றிக்கொண்டது; ஆளெடுப்பில் கத்தோலிக்கர்களுக்குப் பாதி இடம் கொடுக்கப்பட்டது. போலீசைப் பகைப்படையாகப் பார்த்த தெருக்களில் நம்பிக்கை மெல்ல வளர இவையெல்லாம் சேர்ந்தே உழைத்தன.

இங்கே மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1997-இல் தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் தொடங்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அதைத் தவறு செய்த அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவுகளை அது பிறப்பித்து வருகிறது. அந்தப் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது பெரிய விஷயம். ஆனால் அந்த ஆணையம் சென்னையில் இருக்கிறது. மதுராந்தகத்திலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறுகிறவர்தான் அதன் தூரத்தைச் சொல்ல முடியும்.

ரெக்கவரி

காவலில் அடி எப்போது விழுகிறது என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. தமிழ்நாட்டைக் குலுக்கிய காவல் மரணங்களில் பல, திருட்டு வழக்கில் ஆரம்பித்தவை. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி மீது சொல்லப்பட்டது நகைத் திருட்டு. ‘ஜெய் பீம்’ படம் அந்த வழக்கை இருளர் குடும்பத்தின் கதையாக மாற்றிக் காட்டியது. 2025 ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் போலீஸ் தனிப்படையின் அடியில் உயிரிழந்த மடப்புரம் கோயில் காவலாளி மீதும் காரில் இருந்த நகை காணாமல் போனதாகத்தான் புகார். அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது முறையான வழக்குப் பதிவுகூட இல்லை. கோயிலுக்குப் பின்னால் வைத்து அவரை அடித்ததை யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோ வெளியே வந்திராவிட்டால் அந்த மரணமும் ‘வலிப்பு வந்தது’ என்ற ஒற்றை வரியில் முடிந்திருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, உடலில் இருந்த 44 காயங்களைக் குறிப்பிட்டு அரசிடம் கேள்வி எழுப்பியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. தனிப்படைகளைக் கலைக்க டி.ஜி.பி. உத்தரவிட்டார்.

செங்கல்பட்டுக்கும் இதில் ஒரு துயரமான பங்கு இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31 அன்று பிணமானான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அடித்தவர்கள் போலீசார் இல்லை. ஆனால் அரசின் காவலில், அரசின் சுவருக்குள், வெளியாள் ஒருவர்கூடப் பார்க்க முடியாத இடத்தில் நடந்தது. அந்தச் சிறுவனின் தாய் விடாமல் போராடினார். கூர்நோக்கு இல்லங்களை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2023-இல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கம்மாபுரம் வழக்கில் வழக்கறிஞராக நின்று வாதாடியவரும் அதே சந்துருதான். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே வகைச் சாவை இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது.

திருட்டு வழக்கில் ஏன் அடி? போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. புதிய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன தகவலின் பேரில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகச் செல்லும். பழைய சட்டத்தின் 27-ஆவது பிரிவு. காவல் நிலைய பாஷையில் இதற்கு ‘ரெக்கவரி’ என்று பெயர். அடித்தாலும் நகை கிடைத்துவிட்டால் வழக்கு நிற்கும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை சவரன் ரெக்கவரி என்று மேலிருந்து கேட்பார்கள். நகையைப் பறிகொடுத்தவரும் ஸ்டேஷன் வாசலில் நின்று அதையேதான் கேட்பார். கேட்பது நியாயம்தான், அவர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை அது. இந்த மூன்று நெருக்கடிக்கும் நடுவில், கேட்பாரற்ற ஒருவன் கைக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேட்பாரற்றவர் பட்டியலில் இந்தக் கடற்கரை மாவட்டத்தில் முதலில் வருபவர்கள் இருளர்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு, பட்டா இல்லாமல், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்யும் அவர்கள் மீது பொய்த் திருட்டு வழக்குப் போடுவதை எதிர்த்துத்தான் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இதே இருளர்களின் இன்னொரு முகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. நாகத்தையும் கண்ணாடி விரியனையும் பிடித்து, மண் பானைக்குள் வைத்துப் பராமரித்து, விஷம் எடுத்த பிறகு மறுபடி காட்டில் விடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தின் பெரும்பகுதி அந்த விஷத்தை நம்பித்தான் தயாராகிறது. செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தது நாடு. ஊருக்கு உயிர் கொடுக்கும் ஒரு சமூகம், ராத்திரியில் ஜீப் சத்தம் கேட்டால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்கு ஓடும் நிலையில் இருக்கக் கூடாது.

கிட்டியிலிருந்து பிறந்த படை

இன்றைய போலீஸ் படை உருவானதே சித்திரவதையை ஒழிக்கத்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். கும்பினி ஆட்சியில் வரி வசூலும் குற்ற விசாரணையும் ஒரே கையில், தாசில்தார் கையில் இருந்தன. வரி பாக்கிக்கும் திருட்டுக்கும் ஒரே மருந்து: விரல்களை நசுக்கும் கிட்டி, தலையைக் கால்வரை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள். லண்டன் நாடாளுமன்றம் வரை கூச்சல் போன பிறகு மதராஸ் அரசு ஒரு சித்திரவதை விசாரணை ஆணையத்தை அமைத்தது. 1855-இல் அது அறிக்கை கொடுத்தது. அதைப் படித்துவிட்டு கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் வருவாய்த்துறையிலிருந்து காவல்துறை பிரிக்கப்பட்டு, 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மதராஸ் போலீஸ் உருவானது. கும்பினியின் ஜாகீராக இருந்த செங்கல்பட்டுச் சீமையின் குடிகளும் அந்த மாற்றத்துக்குள் வந்தார்கள்.

அந்த ஆணையம் அழுத்திச் சொன்ன ஒரு சங்கதி என் மனதை விட்டு அகலவில்லை. அடிபட்டவர்கள் முறையிட முடியாமல் போனதற்குக் காரணம் தூரமும் செலவும் மட்டும் இல்லை. யார் அடித்தார்களோ அவர்களுக்குக் கீழே அல்லது மேலே இருப்பவர்களிடமே முறையிட வேண்டியிருந்தது. 170 ஆண்டுகளுக்கு முன் வெள்ளை அதிகாரிகள் கண்டுபிடித்த அதே நோயை, நம் சட்டமன்றம் 2013-இல் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

ஊனமாஞ்சேரியில் கற்றதும் ஸ்டேஷனில் கற்பதும்

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அருகே ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் இருக்கிறது. நேரடியாகத் தேர்வான டி.எஸ்.பி.க்களும் சப்-இன்ஸ்பெக்டர்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அணிவகுப்பு, ஆயுதம், சட்டம், தடயவியல், கணினி என்று பாடங்களுக்குக் குறைவில்லை. பயிற்சி முடிந்து தொப்பியைத் தலைக்குமேல் வீசும் நாளில், அம்மாவையும் அப்பாவையும் கட்டிப்பிடித்து அழும் இளைஞர்களின் படங்களைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும். இரண்டாம் நிலைக் காவலர்களுக்கு ஏழு மாதம் பயிற்சி, ஒரு மாதம் செய்முறை. மக்கள் தினமும் பார்க்கும் போலீஸ் அவர்கள்தான். அவர்களுக்குத்தான் பயிற்சி மிகக் குறைவு.

பயிற்சியகத்தில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதைவிட, முதல் போஸ்டிங்கில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஒரு காவலரை உருவாக்குகிறது. புகார் கொடுக்கப் போன எவருக்கும் அந்த இரண்டாவது பாடம் தெரியும். வாசலில் பாரா காவலர் என்ன விஷயம் என்பார். உள்ளே ரைட்டர், “ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, உக்காருங்க” என்பார். பிறகு, “இது எங்க லிமிட் இல்லையே” என்ற சந்தேகம் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. இருந்தும் கையில் கிடைப்பது, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், எதிர்த்தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசித் தீர்க்கச் சொல்லி மறுநாள் போன் வரும். நிலத் தகராறு என்றால் கட்டப் பஞ்சாயத்து அங்கேயே தொடங்கிவிடும்.

எப்.ஐ.ஆர். போட்டால் ஸ்டேஷன் கணக்கில் குற்ற எண்ணிக்கை ஏறும். இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆர். போட்டால் அந்தத் தலைவலி இல்லை. காவலரின் மனசு நல்லதா கெட்டதா என்பது இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தக் கணக்கை மாற்றாமல் பயிற்சியை எத்தனை மாதம் நீட்டினாலும் ரைட்டரின் மேஜையில் அது செல்லுபடியாகாது.

அதற்காகப் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. அடிக்காமல் விசாரிப்பது ஒரு தொழில். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1974-இல் குண்டு வெடித்த வழக்குகளில் வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலங்களை வைத்துப் பல ஆண்டுகள் சிறையில் தள்ளப்பட்டவர்கள், 1989-லும் 1991-லும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். அந்த அவமானம் அங்கே போலீசின் தொழிலையே மாற்றியது. விசாரணையை ஒலிப்பதிவு செய்வது ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்தது. 1992-இல் ‘பீஸ்’ என்ற விசாரணை முறையைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். முன்கூட்டித் தயாராவது, பேசவிட்டுக் கேட்பது, சொன்னதைச் சாட்சியத்தோடு ஒப்பிட்டு முரண்பாட்டை எடுத்து வைப்பது, பிறகு மதிப்பிடுவது. நார்வே அதைத் தன் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை உறுதி செய்யவில்லை. ஆனால் அடிக்காமல் விசாரிக்கும் முறையை ஊனமாஞ்சேரியில் முழுப் பாடமாக வைக்க யாருடைய உறுதிமொழியும் தேவையில்லை. கற்பிக்க ஆட்களும், பழக உண்மை வழக்குகளின் கோப்புகளும், ஒலிப்பதிவு அறையும் இருந்தால் போதும்.

காவலரின் பாட்டையும் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோதும், 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் வெயிலில் சாலையோரம் வரிசையாக நின்றவர்கள் காவலர்கள்தான். வாரக் கடைசியில் கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் திரளும் கூட்டத்தை ராத்திரி வரை ஒழுங்குபடுத்துகிறவர்களும் அவர்கள்தான். காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆள் பற்றாக்குறையில் அது பல இடங்களில் காகிதத்தோடு நிற்கிறது. உயரதிகாரிகளின் வீட்டில் காவலர்கள் ஆர்டர்லி வேலை பார்ப்பதை 1979-லேயே அரசு ஒழித்தது. 2022-இல் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் அதைப் பற்றி மறுபடி கடிந்து பேச வேண்டி வந்தது. மேலதிகாரியின் வீட்டுக் காய்கறிப் பையைத் தூக்கிய கைக்கு, ஸ்டேஷனுக்கு வரும் ஏழையை மரியாதையாக நாற்காலியில் உட்கார வைக்கும் மனம் எங்கிருந்து வரும்? மேலிருந்து கீழே வழிவதுதானே மரியாதை.

மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்கள்

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. கையிலும் காலிலும் மாவுக்கட்டுடன் குற்றவாளிகள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் வரும். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டானாம்’ என்று எழுதி, சிரிக்கும் பொம்மைகளைப் போட்டு ஊரே பகிர்ந்துகொள்ளும். 2022 ஜனவரியில் செங்கல்பட்டு நகரத்தில் வெடிகுண்டு வீசியும் வெட்டியும் இருவர் கொல்லப்பட்டனர். மறுநாளே சந்தேக நபர்கள் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில் கூடுவாஞ்சேரி அருகே வாகனச் சோதனையில் இன்னும் இருவர். ஒவ்வொரு முறையும் போலீஸ் சொன்ன காரணம், தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பதே. ஒவ்வொரு முறையும் கைதட்டல் கேட்டது.

ரவுடிகளின் அட்டகாசத்தில் வாழும் தெருவுக்கு அந்தக் கைதட்டல் இயல்பானது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் என்கவுன்ட்டர்களை அதே ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு நிலையத்துக் குழு விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணை கட்டாயம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது காரணமில்லாமல் அல்ல. 2025-இல் வெளியான இந்தியக் காவல் நிலவர அறிக்கைக்காக நடத்திய ஆய்வில், கடும் குற்ற வழக்குகளில் ‘தேர்டு டிகிரி’ சரிதான் என்று பத்தில் மூன்று காவலர்கள் சொன்னார்கள். கைதட்டும் ஊர்தான் அந்த மூன்று பேருக்கும் தைரியம் கொடுக்கிறது. ரவுடிக்கு விழுந்த அடியைக் கொண்டாடிய ஊரில்தான் கோயில் காவலாளிக்கும் அடி விழுந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில், நடுவர் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனபோது சி.சி.டி.வி. பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமிக்க இடம் தாராளமாக இருந்தும் பதிவு இல்லை. உயர் நீதிமன்றம், அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொடுத்தது. அதுவரை நடந்திராதது அது. அடி விழுந்த இரவில் நடந்ததை நடுவரிடம் சொன்னது, பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். சுற்றிலும் சக போலீசார் நிற்க, பயந்துகொண்டே சொன்னார். அந்தச் சாட்சியம் கிடைத்தது, எதிரே உட்கார்ந்தவர் போலீஸ் அல்ல என்பதால். பரனூரில் மறிக்கப்பட்டவரும் போலீஸ், சாத்தான்குளத்தில் பேசியவரும் போலீஸ். வெளியே ஒரு நேர்மையான வாசல் திறந்திருந்தால் முதலில் பயன்படுத்தப்போவது காக்கிக்குள் இருக்கும் நல்லவர்கள்தான்.

அந்த வாசலை உண்டாக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார் ஆணையங்களின் அமைப்பைச் சொல்லும் பிரிவுகளைத் திருத்தி, கலெக்டர் இருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையும், எஸ்.பி. இருக்கும் இடத்தில் போலீசைச் சேராதவர்களையும் வைக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக, ஒருவராவது பட்டியலின அல்லது பழங்குடிச் சமூகத்தவராக இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஸ்டேஷனின் வாசல், லாக்-அப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை எல்லாவற்றிலும் ஒலியோடு பதியும் கேமரா இருக்க வேண்டும். பதிவு குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இந்த ஆணையத்துக்கு வேண்டும். சீருடை இல்லாமல் வந்து யாரையும் தூக்கிப்போகும் தனிப்படைகள் வேறு பெயரில் மறுபடி முளைக்காமல் பார்க்கும் வேலையும் அதனுடையதாக இருக்க வேண்டும்.

செங்கல்பட்டு 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அதன் வடபகுதி தாம்பரம் காவல் ஆணையரகத்துக்குப் போய்விட்டது. ஒரே மாவட்டத்து மக்கள் சிலர் எஸ்.பி.யிடமும், சிலர் கமிஷனரிடமும் போக வேண்டும். எந்த ஊர் எதில் வரும் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். ஆணையம் இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே அலுவலகத்தில் கவனிக்க வேண்டும். அந்த அலுவலகம் எஸ்.பி. ஆபீஸ் வளாகத்திலோ கலெக்டர் அலுவலக மாடியிலோ இருக்கக் கூடாது. மாதம் ஒரு நாள் செய்யூரிலும் ஒரு நாள் மதுராந்தகத்திலும் ஒரு நாள் மாமல்லபுரத்திலும் அது உட்கார வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, பிரதி கொடுக்க வேண்டும். மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் விரட்டப்பட்டதைக் கேமரா முன் பேசியதால்தான் 2021 தீபாவளியன்று அப்போதைய முதல்வரே அந்தக் குடியிருப்புக்கு வந்தார். எல்லோர் பேச்சும் வைரலாவதில்லை. போலீஸ் மீதான புகாரைக் கையில் வைத்திருக்கும் பூஞ்சேரிக்காரர் ஒருவருக்கு இன்றைய சட்டம் கொடுத்திருக்கும் மாவட்ட முகவரி, எஸ்.பி. உறுப்பினராக இருக்கும் அந்த ஆணையம்தான். அதை மாற்ற அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் ஒரு திருத்த மசோதா போதும்.